இன்னும் தட்டுது

ஆதிமூலம் பல்லைக் கையோடு கொண்டுவந்திருந்தார். காலண்டர் தாள் ஒன்றில் மடித்து, சட்டைப் பையில் வைத்து, பையின் வாயை ஊக்கால் குத்தி, அடி அண்ணாமலையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்து, போளூர் சாலையில் கிளினிக்கின் மாடிப்படி ஏறி, டாக்டரைக்கூடப் பார்க்காமல் நேராகப் பின்னறைக்கு வந்து நின்றார். அவருடைய மருமகன் மாறன் அங்கேதான் வேலை பார்த்தான். டாக்டர் மதிவதனி முன்னறையில் பல் பிடுங்குவார். மாறன் பின்னறையில் பல் செய்வான்.

"இத்தயே ஒட்டிட முடியுமா மாப்ள?"

மாறன் தாளைப் பிரித்தான். மேல்வரிசைக் கோரைப்பல், வேரோடு. விழுந்து ஒரு மாதமாவது இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் துண்டால் வாயை மறைத்துக்கொண்டு பேசியதை அவன் கவனித்திருந்தான். கிளினிக்குக்கு வாங்க மாமா என்று சொல்லியும் பார்த்தான். "மாடு மேய்க்கறவனுக்கு எதுக்குப் பல்லு? மாடு இன்னா மூஞ்சியா பாக்குது" என்று தட்டிக்கழித்துவிட்டார்.

"முடியாது மாமா. செத்த பல்லு."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவன் காதிலேயே விழுந்தது. எட்டு மாதமாக ஒருவர் முன் ஒருவர் சொல்லாமல் காத்துவந்த சொல். ஆதிமூலம் தாளை வாங்கி, முன்பிருந்த மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்து, ஊக்கைத் திரும்பவும் குத்திக்கொண்டார்.

"சரி, அப்ப புதுசு வெச்சிடுங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள வேணும்."

"இன்னா அவசரம்? ஒரு மாசமா கூப்டேன், வரல."

"ஒரு எடத்துக்குப் போவணும். ஓட்ட வாயோட போனா மரியாதயா இருக்காது."

எந்த இடம் என்று மாறன் கேட்கவில்லை. கேள்வி கேட்கிற பழக்கமே அவனை விட்டுப் போயிருந்தது. ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சல். நான்கே நாள். ஆதிமூலத்தின் மகள், அவன் மனைவி வினோதினி போய்விட்டாள். அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும் அவன் சரி என்றான். சாப்பிடு என்றால் சாப்பிட்டான். படு என்றால் படுத்தான். அழுதுடுப்பா, அழுதா ஆறும் என்றார்கள். அது மட்டும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அடி அண்ணாமலைக்குப் போய்விடுவான். யாரும் கூப்பிட்டதில்லை, யாரும் ஏன் என்று கேட்டதும் இல்லை. மாமியார் கஸ்தூரி சோறு போடுவாள். சாப்பிட்டதும் மாமனாரும் மருமகனும் மோட்டார் கொட்டகைப் பக்கம் போய்க் கிணற்றுமேட்டில் உட்கார்ந்துகொள்வார்கள். மாடு, மழை, பௌர்ணமிக் கூட்டம், நிலக்கடலை என்று ஏதாவது பேச்சு வரும். வினோதினி பேச்சு வராது. அவள் பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கிறாள், சாயங்காலம் வந்துவிடுவாள் என்பதுபோல இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். ஏழு நாளில் அந்த ஒரு நாள்தான் அவனுக்கு நாள்போல இருந்தது.

டாக்டர் மதிவதனி ஆதிமூலத்தை நாற்காலியில் சாய்த்துப் பார்த்தார்.

"புண்ணு நல்லா ஆறியிருக்கு. ஆனா பல்செட்டோட கொக்கி இந்தப் பல்லத்தான் பிடிச்சிருந்தது, மாறன். பல்லே போச்சு. புது செட்டே செஞ்சிடலாமா?"

"வேணாம் மேடம். பிரேம் நல்லா இருக்கு. பல்லு மட்டும் சேத்துக்கலாம்."

பழைய செட் உலோகத்தில் வார்த்தது. மேலண்ணத்தில் மெல்லிய பட்டையாகப் படிந்திருக்கும். இரண்டு பக்கமும் கொக்கிகள் நீண்டு சொந்தப் பற்களைத் தழுவிக்கொள்ளும். அதில் ஏற்கெனவே இரண்டு கட்டுப்பற்கள் இருந்தன. இப்போது முன்கொக்கி ஒன்று, தான் தழுவியிருந்த கோரைப்பல் போய்விட, வெற்று வளையமாக நின்றது.

"அப்ப இந்தக் கொக்கிய வெட்டிடுவீங்களா?"

"இல்ல மேடம். அதையே உள்பக்கமா வளைச்சுப் புதுப் பல்லுக்குள்ள புதைச்சிடறேன். பிளாஸ்டிக் உலோகத்துல தானா ஒட்டாது, பிடிச்சுக்க ஏதாவது வேணும். பிடிப்புக்குப் பின்கொக்கியும் அந்தப் பக்கத்துக் கொக்கியும் போதும்."

செட்டை வாயில் போட்டபடியே டாக்டர் அச்சு எடுத்தார். இளஞ்சிவப்புக் குழம்பு நிறைந்த தட்டை வாய்க்குள் அழுத்தியதும் ஆதிமூலத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"மூக்கால மூச்சு விடுங்க ஐயா. ஒரு நிமிஷம்தான்."

தட்டை எடுத்ததும் செட்டும் அச்சோடு ஒட்டி வெளியே வந்தது. ஆதிமூலம் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"மாட்டுக்கு மருந்து ஊத்தறப்போ அது ஏன் அப்டித் திமுருதுன்னு இப்பத்தான் தெரியுது, டாக்டரம்மா."

டாக்டர் சிரித்தார். மாறன் சிரிக்கவில்லை. அச்சை ஈரத் துணியில் சுற்றிப் பின்னறைக்கு எடுத்துப் போனான். சனிக்கிழமை வரச் சொன்னான். அதுவரை செட் அவனிடம்.

அச்சில் கல்மாவு ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்தான். மாமனாரின் மேல்வாய் வெள்ளைக் கல்லாக அவன் உள்ளங்கையில் இருந்தது. அதன்மேல் செட் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது.

அந்தச் செட்டைச் செய்தவன் அவன்தான். ஐந்து வருடத்துக்கு முன். அப்போது ஆதிமூலம் அவனுக்கு மாமா அல்ல. கடைவாய்ப் பக்கம் இரண்டு பல் போன ஒரு விவசாயி. அவரைக் கூட்டிக்கொண்டு வந்தவள் வினோதினி. பல்லின் நிறம் பார்க்கும் அட்டையை டாக்டர் நீட்டியபோது அதை வாங்கிக்கொண்டு, "டியூப்லைட்ல எல்லாம் ஒரே மாதிரி தெரியுது, வெளிய வாப்பா" என்று அப்பாவை இழுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். வெயிலில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு மாதிரிப் பல்லாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது. எங்கப்பா பல்லு டீ கலரு. வெள்ளையா வெச்சிடாதீங்க, இவரு ஒண்ணும் மாப்ள பாக்கப் போவல."

மாறன் அவள் சொன்ன நிறத்தையே வைத்தான். செட் போட்டு ஒரு வாரத்தில் இருவரும் திரும்பி வந்தார்கள்.

"அப்பாவுக்குத் தட்டுதாம்."

கடிக்கும்போது ஒரு பல் மட்டும் முந்திக்கொண்டு எதிர்ப்பல்லில் இடிப்பதைத்தான் தட்டுவது என்பார்கள். மாறன் நீலக் கார்பன் தாளை வைத்துக் கடிக்கச் சொன்னான். முந்துகிற இடத்தில் நீலம் அழுத்தமாக விழும். அங்கே கொஞ்சம் ராவினால் போதும். ராவிக் கொடுத்தான். அடுத்த வாரம் மறுபடி வந்தார்கள். மறுபடி தட்டியது. கொஞ்சம் ராவினான். மூன்றாவது முறை வந்தபோது எல்லாப் பல்லிலும் நீலம் ஒரே சீராக இருந்தது.

"தட்டலங்களே."

"உங்க பேப்பருக்கு இன்னா தெரியும்? எங்கப்பாவுக்குத் தட்டுது."

அப்பா நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டுகிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாறன் செட்டை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனான். மோட்டாரைப் போட்டு, சும்மா ஓடவிட்டு, நிறுத்தினான். செட்டைக் கழுவித் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தான்.

"இப்பதான் சரியாச்சு" என்றாள் வினோதினி.

மாடிப்படி இறங்கும்போது ஆதிமூலத்தின் குரல் மேலே வரைக்கும் கேட்டது. "ஊரு பேரு கேட்டா அந்தப் பையன் சொல்லிட்டுப் போறான். அதுக்கு எதுக்குடி எம் பல்ல ராவிகினு கெடக்கற?"

வெள்ளிக்கிழமை காலை, புதுப் பல்லுக்கு மெழுகில் மாதிரி செய்துகொண்டிருந்தபோது கஸ்தூரி போனில் கூப்பிட்டாள்.

"சாப்டீங்களா மாப்ள?"

"சாப்டேன் அத்தை."

"அவரு பல்லு நாளைக்கி ஆயிடுமா? ஞாயித்துக்கெழம எமகண்டத்துக்கு முன்னாடி போய்ச் சேரணும்."

"எங்க போறீங்க அத்தை?"

அந்தப் பக்கம் மாடு கத்தியது.

"அவரு சொல்லலியா?"

"இல்ல."

"வாயில பல்லு இல்லன்னா பேச்சுமா இல்லாமப் பூடும் இந்த மனுஷனுக்கு? கலசபாக்கம் போறோம். உங்கம்மா பாத்து வெச்ச எடம். உங்களுக்குத்தான் மாப்ள."

மாறன் கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தான்.

"பொண்ணு வீட்ல நல்ல மாதிரியாம். அவங்க ஒண்ணுதான் கேட்டாங்களாம். மூத்தவளப் பெத்தவங்களுக்கு மனசாரச் சம்மதம்னா அவங்களே வந்து கேக்கட்டும், குடுக்கறோம்னு. கேக்கறது நியாயம்தான? அதான் அவரு போறாரு. அடுத்த வாரம் ஆடி பொறந்துடும். ஆடியில வாயத் தொறக்க முடியாது. வருஷம் திரும்பறதுக்குள்ள ஒரு நல்லது நடக்கட்டும்."

அவள் நிறுத்தாமல் பேசினாள். நிறுத்தினால் தொடர முடியாது என்று அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

"உங்களுக்கு இங்க ஒண்ணும் மாறாது. ரெண்டாவதா வர்றவளுக்கு மூத்தவ வீடுதான் தாய்வீடு. எங்க வழக்கம் அது. பொட்டு வெச்சு, பொடவ எடுத்துக் குடுத்து, எம் மவளா நெனச்சித்தான் கூட்டிகினு வருவேன். தல தீபாவளிக்கு ரெண்டு பேரும் இங்கதான். கேக்குதா மாப்ள?"

"கேக்குது அத்தை."

"இன்னா சொல்றீங்க?"

"நாளைக்கி ஆயிடும். பல்லு."

போனை வைத்துவிட்டு வேலையைப் பார்த்தான். உண்மையில் பார்க்கத்தான் செய்தான்; கை ஓடவில்லை.

வினோதினி இல்லை என்பது அவனுக்குத் தெரியும். கொள்ளி வைத்தவன் அவன். ஆனால் அந்த வீட்டில், அந்தக் கிணற்றுமேட்டில், அவள் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. ஆதிமூலம் கலசபாக்கத்தில் ஒரு கூடத்தில் உட்கார்ந்து, என் மகள் செத்துவிட்டாள், இவனுக்கு உங்கள் பெண்ணைக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டால் அன்றோடு போய்விடுவாள். கேட்கும் வாயை அவன்தான் செப்பனிட்டுக்கொண்டிருந்தான்.

கெடுப்பது எளிது. அந்த உலோகம் எஃகு மாதிரி இறுகியது, ஆனால் முரட்டுத்தனமாக வளைத்தால் ஒடியும். கொக்கியைக் குறட்டால் பிடித்து வளைக்கும்போது கொஞ்சம் அதிகமாகத் திருப்பினால் பட்டையோடு விரிசல் விட்டுவிடும். பிரேம் போச்சு மாமா, புதுசா வார்க்கணும், மூணு வாரம் ஆகும். அவ்வளவுதான். ஆடி பிறந்துவிடும். டாக்டர்கூட ஒன்றும் கேட்க மாட்டார். அவர்தான் புது செட் செய்யச் சொன்னவர்.

குறட்டைக் கொக்கியில் பிடித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். கொக்கிக்குப் பக்கத்தில் இரண்டு கட்டுப்பற்கள் இருந்தன. டீ கலர். அவள் வெயிலில் நின்று பொறுக்கியது.

குறட்டை மெதுவாகத் திருப்பினான். கொஞ்சம், இன்னும் கொஞ்சம். கொக்கி ஒடியாமல் உள்பக்கம் மடங்கியது.

அதன்பிறகு வேலை தானாக நடந்தது. நிறம் பார்க்கும் அட்டையை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான். வெயிலில் வைத்துப் பார்த்து, பழைய எண்ணுள்ள பல்லையே எடுத்து வந்தான். அதன் முதுகைக் குடைந்து, கொக்கியைச் சுற்றி உட்கார வைத்து, ஈறு நிற அக்ரிலிக்கைத் தூளும் திரவமுமாகக் குழைத்து நிரப்பி, வெந்நீர்க் கலத்தில் அழுத்தத்தில் வைத்தான். இறுகியதும் ராவி, வழித்து, மெருகு போட்டான். கொக்கி வெளியே தெரியவில்லை. நாக்கால் தடவினாலும் தட்டுப்படாது. அவன் செய்ததிலேயே நல்ல வேலை என்று சொல்லலாம். அதைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு மூடினான்.

சனிக்கிழமை ஆதிமூலம் பையில் அதே ஊக்கைக் குத்திய சலவைச் சட்டையில் வந்தார். மறுநாளுக்கென்று எடுத்ததை ஒருநாள் முன்னாலேயே போட்டுக்கொண்டதுபோல இருந்தது. டாக்டர் மதிவதனி செட்டைப் போட்டுப் பார்த்தார். கார்பன் தாளை வைத்துக் கடிக்கச் சொன்னார். வாயைத் திறந்து பார்த்து, "ஒரு இடம்கூட முந்தல. பிரமாதம் மாறன்" என்றார். வெளியே ஆசிரமத்துப் பக்கமிருந்து வந்த வெள்ளைக்கார அம்மா ஒருத்தி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். "நீங்க பின்னாடி கூட்டிப்போய்ப் பேச வெச்சுப் பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அவளைக் கவனிக்கப் போனார்.

பின்னறையில் ஆதிமூலம் ஸ்டூலில் உட்கார்ந்தார். மாறன் கண்ணாடியை நீட்டினான். அவர் உதட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

"எது புதுசுன்னே தெரியல மாப்ள."

"பேசிப் பாருங்க மாமா. புதுப் பல்லுன்னா மொதல்ல நாக்கு கொஞ்சம் இடறும். பேரு, ஊரு சொல்லுங்க."

"ஆதிமூலம். அடி அண்ணாமல."

காற்று சீறவில்லை. சொல் சுத்தமாக விழுந்தது.

"நீளமா எதுனா சொல்லுங்க."

ஆதிமூலம் கண்ணாடியை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"கஸ்தூரி போன் பண்ணிட்டாளாமே."

"பண்ணாங்க."

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன். வாயி வரல." உதட்டைத் துடைத்துக்கொண்டார். "சரி. நாளைக்கிப் பேச வேண்டியத்தையே பேசிப் பாக்கறேன். நீங்க அந்த ஊட்டுக்காரருன்னு வெச்சுக்கங்க."

மாறன் எதிரே நின்றான். ஆதிமூலம் நிமிர்ந்து, சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"வணக்கங்க. நான் மாறனோட மாமனாரு..." நிறுத்தினார். "மாமனாருன்றதா, அப்பான்றதா?"

"மாமனாருன்னே சொல்லுங்க."

"நான் மாறனோட மாமனாரு. தங்கமான புள்ள. பொய்யி, குடி ஒண்ணும் கெடையாது. எங்களுக்கு ஒரே பொண்ணு. எங்க பொண்ணு..."

வாய் திறந்தபடி இருந்தது. புதுப் பல் பழைய பற்களோடு சேர்ந்து தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

"எங்க பொண்ணு பேரு வினோதினி. எம்மெஸ்ஸி படிச்சிருக்குது. கணக்கு டீச்சரா வேல பாக்குது..."

அவர் சொன்னது அவருக்கே கேட்டுவிட்டது. எட்டு மாதத்தில் முதல்முறையாக அந்தப் பெயர் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. அது உயிரோடு வந்து நின்றது. மாறன் சுவரில் தொங்கிய ஏப்ரனைப் பார்த்தான். முன்னறையில் டாக்டர் அந்த அம்மாவிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆதிமூலம் வாயில் விரலை விட்டு செட்டைக் கழற்றினார். துண்டில் துடைத்து மாறனிடம் நீட்டினார். கன்னம் ஒரு பக்கம் உள்ளே போயிற்று. பேச்சில் பழையபடி காற்று சீறியது.

"தட்டுது மாப்ள."

"எங்க மாமா?"

"எங்கன்னு சொல்லத் தெரியல. தட்டுது."

மாறன் செட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். டாக்டர் வைத்த கார்பனின் நீலம் இன்னும் பற்களில் இருந்தது. மூன்றிலும் ஒரே சீராக, புள்ளி புள்ளியாக. எந்த இடமும் முந்தவில்லை. அவன் அதைச் சொல்ல வாயெடுத்தான். ஆதிமூலம் நாற்காலியில் சாய்ந்தவர்போல முகத்தைத் தூக்கிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வருடத்துக்கு முன் பார்த்த அதே மாதிரி. கண்ணோரத்தில் ஒழுகியதைத் துடைக்கவும் இல்லை.

மாறன் செட்டோடு மேசைக்குப் போனான். மோட்டாரைப் போட்டான். சக்கரம் சுழன்று சத்தம் அறையை நிறைத்தது. செட்டைச் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். சத்தம் இருந்தது நல்லதாயிற்று. முதுகு குலுங்குவதை அவனால் நிறுத்த முடியவில்லை; என்ன நடக்கிறது என்று அவனுக்கே புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அழுகை இப்படித்தான் இருக்கும் என்பது மறந்துபோயிருந்தது.

மோட்டாரை நிறுத்தி, குழாயில் முகத்தைக் கழுவினான். செட்டையும் கழுவினான். திரும்பியபோது ஆதிமூலம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"நாளைக்குள்ள ஆவுமா?"

"ஆவாது மாமா."

"ஆடி பொறந்துடும்."

"பொறக்கட்டும்."

"உங்கத்த கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா."

"சொல்லிடறேன்."

மாறன் செட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு மூடி, அலமாரியில் வைத்தான். ஆதிமூலம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாசலுக்கு நடந்தார். படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"நாளைக்கி வந்துடுங்க. ஆனா களிதான் கிண்டச் சொல்லப் போறேன். எனக்குப் பல்லு இல்ல."

"களியே போதும் மாமா."

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். மாறன் பால்கனிக்கு வந்து நின்றான். கீழே ஷேர் ஆட்டோ ஒன்று கிரிவலப் பாதைக்கு ஆள் கூவிக்கொண்டிருந்தது. ஆதிமூலம் ஏறி உட்கார்ந்து, துண்டால் வாயை மறைத்துக்கொண்டார். மறு கை சட்டைப் பையில் குத்தியிருந்த ஊக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.